கடவுளைக் கழித்தால் மிச்சம் என்ன? மானுடவாதமும் கிறிஸ்தவமும்

மழைக்காலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடையும் ஒரு கேள்வி. நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்கள் செக்யூலர் ஹியூமனிசம் வேறொன்றும் இல்லை, கிறிஸ்தவத்திலிருந்து கடவுளைக் கழித்தால் வரும் மிச்சம்தான். மனிதர் எல்லாரும் சமம், எளியவனுக்கு இரங்கு, எதிரியையும் மனிதனாகப் பார், எல்லாம் அங்கிருந்து எடுத்தது. சாமானை எடுத்துக்கொண்டு கடைக்காரரை வெளியே தள்ளிவிட்டீர்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். பத்து வருடமாக நம்பிக்கை இல்லை. ஆனால் எதை விட்டேன், எதைக் கையோடு கொண்டுவந்தேன் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. செக்யூலர் ஹியூமனிசம் என்கிற இந்த மதச்சார்பற்ற மானுடவாதம் எங்கே ஆரம்பித்தது, எதை நம்புகிறது, கிறிஸ்தவத்தோடு எந்த இடத்தில் பிரிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

கேள்விக்குறி எழுதியது:

உங்கள் நண்பர் கழித்தல் கணக்கையே தலைகீழாகப் போட்டிருக்கிறார். மானுடவாதம் சொல்வது இவ்வளவுதான்: இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதற்கும் ஆதாரம் இல்லை. உலகத்தைத் தெரிந்துகொள்ள அறிவும் அனுபவமும் சோதனையும்தான் வழி. நல்லது கெட்டதை மனிதர்களின் தேவையையும் துன்பத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும், மேலிருந்து வந்த கட்டளையைப் பார்த்து அல்ல. இருப்பது இந்த ஒரு வாழ்க்கை.

இதற்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்? இயேசு பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டு முன்னாலேயே கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ், தெய்வங்கள் நம் விஷயத்தில் தலையிடுவதில்லை, மரணத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பாடம் நடத்திய தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும்கூட உட்கார்ந்து படித்தார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இப்போது சொல்லுங்கள்.

மரியநேசன் எழுதியது:

தம்பி, அந்த எபிகூரஸ் மரபை ரோமக் கவிஞன் லுக்ரீஷியஸ் பாட்டாக எழுதினான். அது காணாமல் போய், 1417இல் மறுபடி கிடைத்தது. கண்டுபிடித்தவர் போஜ்ஜோ, போப்பாண்டவர்களிடம் செயலாளராக இருந்தவர். படியெடுத்துக் காப்பாற்றி வைத்தவர்கள் துறவிகள். உங்கள் தாத்தா சொத்துக்கு எங்கள் மடம்தான் பெட்டகம். :)

முதன்முதலாக மானுடவாதிகள் என்று பெயர் வாங்கியவர்களைப் பாருங்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கிறிஸ்தவர். 1516இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடு அச்சிட்ட எராஸ்மஸ், பட்டம் பெற்ற குருவானவர். போப்புக்கு மேற்கு நாடுகளின் ஆட்சியைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிக்கொடுத்தார் என்று காட்டப்பட்ட சாசனம் போலி என்று 1440இல் லத்தீன் நடையை வைத்தே நிறுவிய லோரென்சோ வல்லாவும் சபைக்கு உள்ளே இருந்தவர்தான். விமரிசன புத்தி வெளியிலிருந்து வரவில்லை.

பழைய பேனா எழுதியது:

இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழில் இன்னொரு குழப்பம் வேறு. மனிதநேயம் என்று மொழிபெயர்த்தால் அது இரக்கக் குணம் என்று ஆகிவிடுகிறது. மனிதநேயம் இல்லாத மானுடவாதியைப் பார்த்திருக்கிறேன், மனிதநேயமே உருவான பாதிரியாரையும் பார்த்திருக்கிறேன். அதனால் மானுடவாதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் 'உமனிஸ்தா' என்றால் இலக்கணம், அணி, வரலாறு, கவிதை, அறநெறி சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவ்வளவுதான். கடவுள் உண்டா இல்லையா என்பது அந்த வேலையிலேயே கிடையாது. 'ஹியூமனிசம்' என்ற சொல்லையே 1808இல் நீட்ஹாமர் என்ற ஜெர்மானியர் புழக்கத்தில் விட்டார், அதுவும் பள்ளிப் பாடத்திட்டச் சண்டையில். மரியநேசன் சொல்லும் எராஸ்மஸ் இந்த வரிசை.

மழைக்காலம் கேட்பது வேறு வரிசை. அதற்கு ஒரு முகம் வேண்டுமென்றால் ஜார்ஜ் ஹோலியோக் என்ற ஆங்கிலேயரைச் சொல்வேன். 1842இல் செல்டன்ஹாம் ஊரில் ஒரு கூட்டம். பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: மனிதனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னீர்களே, கடவுளுக்குச் செய்ய வேண்டியது? ஹோலியோக், மக்கள் இருக்கும் வறுமையில் கடவுளையும் சேர்த்துப் பராமரிக்கக் கட்டுப்படியாகாது, பட்டாளத்து அதிகாரியை அரைச் சம்பளத்தில் வைப்பதுபோல வைக்கலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார். தெய்வ நிந்தனை என்று ஆறு மாதம் சிறை. உள்ளே இருந்தபோது அவருடைய சின்ன மகள் இறந்துபோனாள். அந்த மனிதர்தான் 1851இல் 'செக்யூலரிசம்' என்ற சொல்லை உண்டாக்கினார். 'நாத்திகன்' என்ற பெயர் வசவாகிவிட்டது, நான் எதை மறுக்கிறேன் என்று சொல்லும் சொல் வேண்டாம், எதைச் செய்கிறேன் என்று சொல்லும் சொல் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்புறம் அகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுக்காரர். மனிதகுலத்தையே வழிபடும் மதம் ஒன்றை உருவாக்கினார். புனிதர்களுக்குப் பதில் அறிஞர்கள் பெயரில் பதின்மூன்று மாதம், மாதத்துக்கு 28 நாள் என்று தனி நாட்காட்டியே போட்டார். டார்வினின் தோழர் டி. எச். ஹக்ஸ்லி அதைப் பார்த்துவிட்டு, 'கிறிஸ்தவத்தைக் கழித்த கத்தோலிக்கம்' என்று கிண்டல் அடித்தார். மழைக்காலம், உங்கள் நண்பரின் கழித்தல் கணக்கு புதிதில்லை. கணக்கை முதலில் போட்டவர் கிறிஸ்தவரும் இல்லை!

இரும்புக்கை எழுதியது:

கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் சோவியத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

சிலுவைப் போர், மதவிசாரணை மன்றம் என்று நானும் ஆரம்பிக்கட்டுமா?

நிர்வாகி எழுதியது:

வேண்டாம். பிணக் கணக்குக்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடுகிறது. அங்கே போங்கள்.

ஓரத்துவாசகி எழுதியது:

ஒரு சின்னத் தகவல். மானுடவாதம் மதமா இல்லையா என்ற பஞ்சாயத்து நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் டோர்காசோ என்பவருக்கு நோட்டரி பதவி கொடுக்க மறுத்தார்கள், கடவுள் உண்டு என்று உறுதிமொழி தரமாட்டேன் என்றதால். 1961இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், கடவுளைப் போதிக்காத மதங்கள் என்று பௌத்தம், தாவோயிசத்தோடு செக்யூலர் ஹியூமனிசத்தையும் போகிறபோக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு அடிக்குறிப்பை வைத்து, "அதுவும் மதம்தான், பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்காதே" என்று பழமைவாதக் கிறிஸ்தவர்கள் பல வருடம் வாதாடினார்கள்.

இங்கிலாந்திலும் இதே கூத்து. நாத்திகரான சார்லஸ் பிராட்லாவை 1880இல் மக்கள் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சத்தியப் பிரமாணம் செய்வதில் தகராறு, ஒரு ராத்திரி பாராளுமன்றக் கடிகாரக் கோபுரத்திலேயே அடைத்து வைத்தார்கள். அவர் முறையாக உட்கார 1886 ஆகிவிட்டது. சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம் என்ற சட்டம் 1888இல் வந்தது.

மரியநேசன் எழுதியது:

வரலாறு சரி. ஆனால் அடித்தளத்துக்கு வாருங்கள். மனிதர் எல்லாரும் சமம் என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமா? ஒருவர் பலசாலி, ஒருவர் நோயாளி. ஒருவர் மேதை, ஒருவருக்கு எழுத்துக்கூட்டவே வராது. கண் சொல்வது ஏற்றத்தாழ்வைத்தான். சமம் என்று சொல்ல வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வேண்டும். எங்களுக்கு அது கடவுளின் சாயல்.

நாலாம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர் ஒரு மறையுரையில் அடிமை வைத்திருப்பவர்களை நேரடியாகக் கேட்கிறார்: கடவுளின் சாயலை எத்தனை காசு கொடுத்து வாங்கினாய்? அடிமைமுறை என்பது காற்று, தண்ணீர் மாதிரி எல்லாரும் எடுத்துக்கொண்ட காலம் அது. பிறந்த குழந்தை வேண்டாம் என்றால் வெளியே வைத்துவிட்டுப் போவது ரோமில் சகஜம். எடுத்து வளர்த்தவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அடிமையென்றும் சுதந்திரன் என்றும் இல்லை என்று பவுல் அடிகள் எழுதியதன் விளைவு இது. ஜெர்மன் தத்துவஞானி நீட்சே கிறிஸ்தவத்தின் பரம எதிரி. அவரே, கடவுளை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஒழுக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் மாதிரி ஆட்களைக் கேலி செய்தார்.

கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, கிரகோரிக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் அவருக்குப் பிறகு எத்தனை நூற்றாண்டு? 1845இல் அமெரிக்காவில் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் பிரிந்து தனிச் சபை கண்டதே அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில்தான். இரண்டு கட்சியும் ஒரே வேதத்தைத்தான் கையில் வைத்திருந்தது. அப்படியானால் எந்த வசனத்தை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று எதைக் கொண்டு தீர்மானித்தார்கள்? ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு மனித உணர்வைக் கொண்டுதானே? பிளேட்டோவின் சாக்ரடீஸ் கேட்ட பழைய கேள்வி: தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா?

இரக்கம் கிறிஸ்தவத்தின் தனிச்சொத்தும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் சீனத்து மென்சியஸ் ஒரு காட்சி சொல்கிறார். தவழும் குழந்தை கிணற்று விளிம்புக்குப் போகிறது. பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதறும். அந்தப் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கவோ ஊர் மெச்சவோ அல்ல, பதறும், அவ்வளவுதான். அங்கிருந்துதான் அறம் முளைக்கிறது என்றார். அவருக்கு எந்த சுவிசேஷம் போய்ச் சேர்ந்தது?

மரியநேசன் எழுதியது:

குழந்தைக்குப் பதறுவான், சரி. கிணற்றில் விழுவது எதிரியின் குழந்தை என்றால்? பதறிய பிறகு இறங்குவானா? பதற்றத்திலிருந்து கடமைக்கு எப்படிப் பாலம் கட்டுவீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பழைய பேனா எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு பக்கத்துக்கும் அந்தப் பாலம் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

1948ஆம் வருட உலக மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய குழுவில் லெபனானின் சார்லஸ் மாலிக் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், தத்துவப் பேராசிரியர். சீனாவின் பி. சி. சாங் கன்பூஷிய மரபிலிருந்து பேசியவர். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்க வேண்டும் என்று பிரேசில் கேட்டது, அது நிறைவேறவில்லை. 'இயற்கையால்' என்றிருந்த சொல்லையும் எடுத்துவிட்டார்கள். எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமும் சமமும் உடையவர்கள் என்று மட்டும் நின்றது. காரணம் சொல்லாத வாக்கியம். 48 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, எட்டு நாடு ஒதுங்கிக்கொண்டது. காரணத்தை எழுதியிருந்தால் அந்த 48 வந்திருக்காது. எனக்கு இது பலவீனமாகத் தெரியவில்லை. ஆனால் மரியநேசன் பார்வையில் அது அஸ்திவாரம் போடாமல் கட்டிய மாடி, அதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

சகிப்புத்தன்மை யாருடையது என்றும் பாருங்கள். 1553இல் ஜெனிவாவில் செர்வீட்டஸை உயிரோடு எரித்தார்கள், ஒரே கடவுள் மூன்று ஆளாக இருக்கிறார் என்ற திரித்துவத்தை மறுத்ததற்காக. எதிர்த்து எழுதியவர் காஸ்டெல்லியோ. ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது அல்ல, மனிதனைக் கொல்வதுதான் என்றார். எரித்தவர்கள் கிறிஸ்தவர்கள், எரிந்தவர் கிறிஸ்தவர், கூடாது என்றவரும் கிறிஸ்தவர். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எனக்கு நிஜமான வித்தியாசமாகப் படுவது வேறு இடம். தவறு. தாங்கள் தவறினால் என்ன செய்கிறார்கள் என்பது.

மானுடவாதிகள் 1933இல் முதல் அறிக்கை விட்டார்கள். 34 பேர் கையெழுத்து, தத்துவ அறிஞர் ஜான் டூயி உட்பட. அவர்களில் பலர் திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபையின் போதகர்கள், தங்களை 'மதசார்பு மானுடவாதிகள்' என்றே சொல்லிக்கொண்டார்கள்! அறிவு வளர்ந்தால் எல்லாம் சரியாகும் என்ற தொனி. அந்த வருடம் ஜெர்மனியில் யார் பதவிக்கு வந்தார் என்று தெரியும். 1973இல் பால் கர்ட்ஸும் எட்வின் வில்சனும் இரண்டாவது அறிக்கை எழுதியபோது, பழையது ரொம்பவும் நம்பிக்கை வைத்துவிட்டது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். எந்தத் தெய்வமும் நம்மைக் காப்பாற்றாது, நாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வாசகம் அதில் வந்ததுதான். 2003இல் மூன்றாவது. ஆம்ஸ்டர்டாமில் 1952இல் ஜூலியன் ஹக்ஸ்லி தலைமையில் கூடி வெளியிட்ட பிரகடனத்தையும் 2002, 2022 என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதே ஜூலியன் ஹக்ஸ்லி 'நல்ல மனித இனத்தை வளர்ப்பது' என்ற யூஜெனிக்ஸை ஆதரித்தவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுவும் அன்றைக்கு அறிவியல் என்ற பெயரில்தான் நடந்தது.

கிறிஸ்தவம் திருத்திக்கொள்ளவில்லையா? திருத்தியது. 1864இல் போப் ஒன்பதாம் பயஸ் கண்டனம் செய்த மத சுதந்திரத்தை, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனித மாண்பின் பெயராலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே திருத்தியதை 'திருத்தினோம்' என்று சொல்ல முடியாது, எப்போதும் உள்ளே இருந்ததை இப்போது தெளிவாகக் கண்டோம் என்றுதான் சொல்ல முடியும். 325இல் நிசேயாவில் தொடங்கிய விசுவாசப் பிரமாணத்துக்கு இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போட முடியாதல்லவா.

மரியநேசன் எழுதியது:

381இல் கான்ஸ்டான்டிநோபிளில் அதற்கு ஒரு 'இரண்டாம் பதிப்பு' வந்தது ஐயா. :) ஆனால் நீங்கள் சொல்ல வருவது புரிகிறது.

பழைய பேனா எழுதியது:

மாட்டிக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

சிறுமந்தை எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மன்னிக்கவும், நீங்கள் எல்லாரும் கிறிஸ்தவத்தை ஒரு ஒழுக்கப் பட்டியலாக வைத்துப் பேசுகிறீர்கள். மரியநேசன் அண்ணன்கூட. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமே வீண் என்று பவுல் எழுதினார். இது அறிவுரை அல்ல, செய்தி. நடந்தது என்றால் எல்லாம் உண்மை, நடக்கவில்லை என்றால் எல்லாம் வீண். அதனால் கடவுளைக் கழித்தால் மிச்சமே கிடையாது, மழைக்காலத்தின் நண்பர் சொன்னது எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தப்பு.

தவறு என்று ஐயா சொன்னதால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் பாவம் என்கிறோம், நீங்கள் பிழை என்கிறீர்கள். பிழையைத் திருத்தலாம். திருத்த முடியாததை என்ன செய்வீர்கள்? ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டீர்கள், அவர் இப்போது உயிரோடு இல்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பீர்கள்?

கேள்விக்குறி எழுதியது:

பாதிக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் மன்னிக்க உரிமை இல்லை என்பதுதான் சரியான நியாயம். இன்னொருவர் இடையில் வந்து 'நான் மன்னித்தேன்' என்றால் அதுதான் அநியாயம். மற்றபடி, கற்றுக்கொண்டு முன்னே போக வேண்டியதுதான்.

சிறுமந்தை எழுதியது:

'முன்னே போக வேண்டியதுதான்.' தம்பிக்கு வயது குறைவு என்று நினைக்கிறேன்.

பழைய பேனா எழுதியது:

சிறுமந்தை, இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது நடந்தது.

கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒரு தேர்வில் இரண்டு பையன்கள் கூட்டுவட்டிக் கணக்கில் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். மூன்றாம் வருடத்துக்கு, இரண்டாம் வருடத் தொடக்க அசலையே மறுபடி எடுத்திருந்தார்கள். வரிக்கு வரி ஒரே மாதிரி. காப்பி என்று முடிவு கட்டி, வகுப்பு முன்னால் நிறுத்தி, இரண்டு தாளிலும் பூஜ்யம் போட்டேன். ஒருவன் இல்லவே இல்லை என்று சண்டை போட்டான். இன்னொருவனுக்குச் சண்டை போட வராது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அடுத்த வருடம் வேறொரு மாணவனின் பழைய நோட்டு கைக்கு வந்தது. புரட்டினால், நான் கரும்பலகையில் போட்ட எடுத்துக்காட்டு. அதில் அதே தப்பு. என் தப்பு. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகப் போட்டுவிட்டார்கள். நான் சொன்னதை நம்பி அப்படியே எழுதியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

சண்டை போடாதவன் அதற்குள் வேறு பள்ளிக்குப் போயிருந்தான். விசாரித்துத் தேடிப் போனபோது அவன் விபத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபம் பண்ணும் பெண்மணி. "அவன் எப்பவோ மன்னிச்சிருப்பான் சார்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள். என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவனுடையதை அவர்கள் எப்படித் தர முடியும்?

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை, பூஜ்யம் போடுவதற்கு முன் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சிறுமந்தை எழுதியது:

ஐயா, பாவ அறிக்கை செய்தீர்கள், மனந்திரும்பினீர்கள், நடையைத் திருத்திக்கொண்டீர்கள். எங்கள் போதகர் சொல்லும் மூன்றும் இருக்கிறது. மன்னிப்பு ஒன்றுதான் இல்லை. அதைத் தர அதிகாரம் உள்ள ஒருவர் வந்தார் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

பழைய பேனா எழுதியது:

தெரியும். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. நிரப்பிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதை நிரப்புவதற்காக, எனக்கு உண்மை என்று படாததை உண்மை என்று சொல்லவும் மாட்டேன்.

மரியநேசன் எழுதியது:

இதற்கு மேல் வாதாட எனக்கு மனமில்லை. ஐயாவுக்கு வணக்கம்.

மழைக்காலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நண்பரிடம் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் உவமையை அவர் வாபஸ் வாங்குவாரா தெரியாது, ஹோலியோக் பற்றி மட்டும் ரொம்பக் கேட்டார். நான் விட்டுவந்ததில் எனக்கு வலிப்பது எது என்று இப்போதுதான் தெரிகிறது, அது சிறுமந்தை கேட்ட கேள்வி.

ஐயா, அந்த இன்னொரு பையன்? சண்டை போட்டவன்?

பழைய பேனா எழுதியது:

கிடைத்தான். போனில் மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த மார்க்கைப் போட்டுக் கொடுங்க சார்" என்றான். ஒரு தாளில் கணக்கை எழுதி, திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். விடை தப்புதானே, அதனால் ஐந்துக்கு மூன்று.